தாசு திருப்பிக் கேட்ட ஊர்

செய்தி சைக்கிளில் வந்தது. இந்தக் காலத்தில் எனக்கு வரும் சாவுச் செய்திகள் எல்லாம் செல்போனில்தான் வருகின்றன. மாலை போட்ட ஒரு படம், கீழே கைகூப்பிய சின்னம், அதற்கும் கீழே அதே சின்னத்தை ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனவர்களின் வரிசை. தாசு வீட்டில் போன் கிடையாது. அதனால் அவர்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் முனுசாமி அடையாறிலிருந்து தி.நகர் வரைக்கும் சைக்கிள் மிதித்து வந்து, நான் கடை ஷட்டரைப் பாதி தூக்கிய நேரத்தில் பின்னால் நின்றார்.

“சார், தாசு சார் பூட்டாரு சார். ராத்திரி படுத்தவரு காலீல எந்திரிக்கல. அக்கா உங்கள கையோட இட்டாரச் சொல்லுச்சு.”

ஷட்டரை அப்படியே விட்டேன். முனுசாமிக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “அக்கா அழுவல சார். சும்மா உக்காந்துகினு கீது. அதான் எனக்கு பேஜாரா கீது” என்றார். அவரையும் சைக்கிளையும் ஒரு ஆட்டோவில் திணித்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அந்த சைக்கிளின் ஹாண்டில் என் விலாவில் இடித்துக்கொண்டே வந்தது. அதைத் தள்ளிவிடக்கூடத் தோன்றவில்லை.

தாசு என்கிற தேவதாசனைப் பற்றி நினைவு ஆராதனை மலருக்கு எழுதித் தரச் சபையார் கேட்டார்கள். நான் உங்கள் சபைக்காரன் இல்லை. அவனோடு முப்பது வருடத்துக்கு மேல் ஏ.சி. பழுது பார்க்கும் கடை நடத்தியவன். அவன், இவன் என்று எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ‘அவர்’ என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன், யாரோ வேறு ஆள் செத்துப்போனது போல இருந்தது. உங்களில் சிலருக்கு அவன் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்ற அடித்தொண்டைக்காரன். பலருக்கு, வீட்டிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பிய விசித்திரப் பிறவி. எல்லோருக்கும் தெரிந்த இன்னொன்று, மனைவியைக் கிராமத்து நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு நாற்பதே நாளில் பட்டணத்துக்குத் திரும்பி ஓடிவந்தவன் என்பது. அப்படித்தான் நாம் சொன்னோம். அது அப்படி இல்லை என்று எழுதத்தான் இந்தப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

முதலில் எங்கள் தொழில். அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி. மெக்கானிக்கைச் சாமிக்குச் சமமாக நடத்துவார்கள். ஐப்பசியில் பார்த்தால் அடையாளம் தெரியாது. ஒரு கோடையில் மந்தைவெளியில் ஒரு மாடி வீட்டுக்கு ஸ்ப்ளிட் ஏ.சி. மாட்டப் போனோம். வெளியே வைக்கிற யூனிட்டைப் பக்கத்து வீட்டு அடுக்களை ஜன்னலுக்கு நேராக வைக்கச் சொன்னார்கள். வேறு இடமும் இல்லை. மாட்டி ஓடவிட்டதும் அந்த ஜன்னலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. “தம்பி, உள்ள ஏற்கெனவே ஒரு அடுப்பு எரியுதுப்பா. நீ இன்னொண்ணு கொண்டாந்து வெக்கிறியே” என்றார். பைக்கில் திரும்பி வரும்போது சிக்னலில் நின்றபடி தாசு சொன்னான்: “நாம சூட்ட அழிக்கறதில்லடா பாலு. எடுத்துப் பக்கத்து வீட்டுல கொட்டறோம். அயலான நேசிக்கணும்னு ஞாயித்துக்கிழமை கேட்டுட்டு வர்றேன். திங்கக்கிழமை அவன் ஜன்னல்லயே மாட்டறேன்.” பச்சை விழுந்துவிட்டது, பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள், நான் வண்டியை எடுத்தேன். அவனுக்கு அது அங்கேயே நின்றுவிட்டது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அடையாறு கரை புரண்ட பெருமழையில் அவர்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. தாசுவின் அப்பா கட்டிய தனி வீடு, மொட்டை மாடி உண்டு. மழை விட்ட இரவுகளில் அவனும் மனைவி லில்லியும் மாடியில் படுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. லில்லி அப்போது பள்ளி ஆசிரியை. பிறந்து வளர்ந்தது சாந்தோம். வெண்டைக்காய் செடியில் காய்க்குமா கொடியில் காய்க்குமா என்று கல்யாணமான புதிதில் கேட்டவர். அந்த லில்லி மின்சாரம் திரும்பி வந்த நாளில், ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியதைக் கேட்டுவிட்டு, “இவ்ளோ சத்தத்துலயா நாம இத்தன வருஷம் குடும்பம் நடத்தினோம்?” என்று கேட்டாராம். தாசு என்னிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். நான் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ஒரு கம்ப்ரஸரைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த லெந்து நாட்களில் ஆரம்பித்தார்கள். நீங்கள் எல்லோரும் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாட்களுக்கு ஏதாவது ஒன்றை விடுவீர்கள். சிலர் கறி, சிலர் காப்பி. ஈஸ்டர் மத்தியானத்தில் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்துவிடுவீர்கள், அதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இவர்கள் அந்த வருடம் ஏ.சி.யை விட்டார்கள். ஈஸ்டர் ஆராதனை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் தாசு கேட்டான், “வேணுமா?” லில்லி, “வேணாம். உங்களுக்கு?” என்றார். “வேணாம்.” அவ்வளவுதான். மறுநாள் அது கடைக்கு வந்து, வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது. ஏ.சி. கடைக்காரன் வீட்டில் ஏ.சி. இல்லை என்று தெரிந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்று கேட்டேன். “வாத்தியார் வீட்டுல ஸ்கூல் இருக்கா?” என்றான்.

இப்படி வருடத்துக்கு ஒன்று. டி.வி. போனது. வாஷிங் மெஷின் போனது. ஃப்ரிட்ஜை மட்டும் விற்க மனமில்லாமல் எங்கள் கடையின் பின்கட்டில் கொண்டுவந்து வைத்தான். அது இன்றும் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஃப்ரிட்ஜை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

இந்த விளையாட்டுக்கு ஒரு வீட்டுச் சட்டம் இருந்தது. ஈஸ்டர் மேசையில் இருவரில் ஒருவர் ‘வேணும்’ என்று சொன்னால் போதும், அன்றைக்கே அது திரும்ப வர வேண்டும். மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது. அன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்குமே. ஒரு வருடம் மின்விசிறியை விட்டார்கள். அந்த ஈஸ்டருக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். லில்லி மட்டன் குழம்பை ஊற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், “ஃபேன் வேணும்” என்றார். தாசு எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போய், பரணிலிருந்து விசிறியை இறக்கி, ஏணி போட்டு மாட்டி, ரெகுலேட்டரைத் திருகி ஓடவிட்ட பிறகுதான் மறுபடி வந்து சாப்பிட்டான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வாசலில் என்னை வழியனுப்பும்போது கேட்டேன், ஒரு வார்த்தை கேட்டால்தான் என்ன என்று. “ஏன்னு கேட்டா அவ காரணம் தேடணும். காரணம் சின்னதா தெரிஞ்சா, வேணுங்கறதையே விட்டுடுவா. அவ அப்படித்தான். அதனால கேக்கறதில்ல” என்றான். இவ்வளவு நல்ல புருஷனா என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த விசிறியால்தான் அடையாறு வீட்டில் கடைசிவரை மின் இணைப்பு இருந்தது. போன்கூடப் பின்னால் போய்விட்டது. இரண்டு மூன்று விளக்கு, ஒரு விசிறி, அவ்வளவுதான் வீடு. லில்லி ஓய்வு பெற்றதும் கூவத்தூர் தாண்டி ஒரு நிலம் வாங்கினார்கள். சனிக்கிழமை விடிந்ததும் திருவான்மியூரில் பஸ் ஏறுவார்கள். லில்லி மடியில் நாற்றுப் பை, தாசு தோளில் ஆயுதப் பை. ஓட்டுக்கூரை போட்ட இரண்டு அறைகளை அவனே கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பினான். கிணறு உண்டு, மோட்டார் கிடையாது. மின்கம்பம் அந்தப் பக்கம் வரவே இல்லை, வர வேண்டும் என்று இவர்கள் மனுவும் கொடுக்கவில்லை. நான் ஒரே ஒரு முறை போனேன். என்னைத் தண்ணீர் இறைக்க வைத்தார்கள். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது, மதியச் சாப்பாட்டைக் கரண்டியால்தான் சாப்பிட்டேன். அந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரே காட்சி லில்லிதான். வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கி மண்ணோடு என் முகத்துக்கு நேரே நீட்டி, “பாருங்கண்ணா, கீழதான் காய்க்குதாம். எனக்கே போன வருஷம்தான் தெரியும்” என்று சிரித்தார். பள்ளிக்கூடத்திலும் சபையிலும் அளந்து பேசுகிற லில்லி அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நிலம் தாசுவின் பைத்தியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அது லில்லியின் ஆசை. அவன் கூடப் போனவன்.

பிறகு ஒரு லெந்தில் சென்னையையே விட்டார்கள். விட்டுப் பார்ப்பது, ஈஸ்டரில் முடிவு செய்வது. லெந்து தொடங்கும் சாம்பல் புதன் ஆராதனை முடிந்ததும் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். கடைப் பங்கையும் என் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று பேசியிருந்தோம். போகும்போது லில்லி பின்கட்டுத் தொட்டிச் செடிகளை எல்லாம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். திரும்பி வருகிற எண்ணம் உள்ளவர் அப்படிக் கொடுக்க மாட்டார்.

ஈஸ்டருக்கு வந்தார்கள். ஆராதனைக்கு, சாப்பாட்டுக்கு, அந்தக் கேள்விக்கு. சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாலை பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. பையைக்கூடப் பிரிக்கவில்லை, வாசல் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். வெயிலில் கறுத்துப்போய் லில்லி நன்றாக இருந்தார். இலையில் சோற்றைப் போட்டுவிட்டு அவரே கேட்டார், “மெட்ராஸ் வேணுமாங்க?” கேட்கும்போதே பாதிச் சிரிப்பு. பதில் தெரிந்த கேள்விதானே.

தாசு சோற்றைப் பிசைந்தான். “வேணும்” என்றான்.

லில்லி கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தார். “சரிங்க” என்றார். அப்புறம் எனக்கு ரசம் வேண்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன், ஊற்றினார். சட்டம் இருந்ததே, யார் என்ன கேட்பது?

அதற்குப் பிறகு நாம் பேசியதெல்லாம் உங்களுக்கே தெரியும். பட்டணத்து ருசி விடவில்லை என்றார்கள். ஊருக்கெல்லாம் உபதேசம், தனக்கு நாற்பது நாள் தாங்கவில்லை என்றார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. “என்னடா, கம்ப்ரஸர் சத்தம் இல்லாம தூக்கம் வரலியா?” என்று கேட்டேன். “ஆமாண்டா” என்றான். போதாக்குறைக்கு, வந்த வாரமே அடுக்களையில் ஒரு டியூப்லைட், லில்லி உட்காரும் நாற்காலிக்கு மேலே ஒன்று, குளியலறைப் படிக்கு ஒன்று என்று மாட்டிவிட்டான். வருடத்துக்கு ஒன்றாகக் கழற்றியவன் ஒரே வாரத்தில் வீட்டை நகைக்கடை மாதிரி ஆக்கிவிட்டான். லில்லி அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒருநாள் என்னிடம் சொன்னார்: “கையில குடுத்துட்டுப் பிடுங்கிட்டாருண்ணா. ஏன்னு கேக்கக்கூட எனக்கு வழியில்ல.” தொட்டிகள் காலியாகவே கிடந்தன. இருவரும் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டார்கள். முன்பு இருந்த பேச்சு இல்லை. அடுத்த லெந்துக்கு என்ன விடலாம் என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்துக் கடையின் பின்கட்டில், அந்தப் பழைய ஃப்ரிட்ஜில், தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே ஒரு சின்ன அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். கண் சொட்டு மருந்து. யாருக்கடா என்றேன். லில்லிக்குக் கண்ணில் நீரழுத்தம், பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் நோய், பிரிக்காத மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், வீட்டில்தான் ஃப்ரிட்ஜ் இல்லையே என்றான். எப்போது தெரிந்தது என்று கேட்டேன். தனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லி லில்லியையும் டாக்டரிடம் அழைத்துப்போனானாம், அங்கே தெரிந்ததாம். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் ஃப்ரிட்ஜ் கதவை மூடினான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. கதவில் கையை வைத்து நிறுத்தி, உண்மையில் எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

நிலத்தில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் விளக்கேற்றிக் குடும்ப ஜெபம். ஒருநாள் இவன் வேதம் வாசிப்பான், ஒருநாள் லில்லி. ஈஸ்டருக்குச் சில நாள் முன்பு லில்லி வாசித்துக்கொண்டிருந்தபோது விளக்குத் திரியைத் தூண்ட எழுந்திருக்கிறான். லில்லியின் தோள் வழியாகப் புத்தகம் தெரிந்திருக்கிறது. லில்லி ஒரு எழுத்துப் பிசகாமல் வேதத்தின் சங்கீதப் பாட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். மடியில் திறந்திருந்த பக்கம் வேறெங்கோ இருந்தது. “விரலு வேற ஓட்டிக்கிட்டிருந்தாடா, வரி வரியா” என்றான். அதன் பிறகு கவனித்திருக்கிறான். பகலில் சமாளித்துவிடுவார். இருட்டினால் சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பார். கிணற்றடியில் ஓரத்துக் கல் தெரியாமல் காலை வைத்ததை ஒருமுறை பார்த்தானாம்.

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே” என்றேன்.

“உன் கண்ணால திரும்பறோம்னு சொல்லவா? காலத்துக்கும் தன்னால கெட்டுச்சுன்னு குமைவா. என்னாலன்னா என்னைத் திட்டுவா, அவ்வளவுதானே. திட்டட்டும்.” கொஞ்சம் நிறுத்தி, “கண்ணு ஒரு நிலைக்கு வரட்டும். அங்க சோலார்ல நல்ல வெளிச்சம் போட்டுடலாம், எனக்குத் தெரியாத வேலையா? இன்னொரு லெந்து வராமலா போகும்?” என்றான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டான். லெந்துகள் வந்தன. மருந்து பிடித்ததும் பிடிக்காததுமாக இருந்தது. மாதா மாதம் ஒரு பாட்டில் எடுத்துப்போவான். இந்த வருடம் சோலார் பலகைக்கு இடம் அளக்கப் போகலாம், நீயும் வா என்று கூப்பிட்டிருந்தான். சாம்பல் புதனுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தபோது, ராத்திரி படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அட்டைப்பெட்டியில் மருந்து மீதி இருந்தது. எடுத்துக்கொண்டு அடையாறு போனேன். லில்லி கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, “இது எப்படிண்ணா உங்க கடையில?” என்றார். மருந்துக்கடையில் வாங்கி வருகிறான் என்றே நினைத்திருக்கிறார். வாக்குக் கொடுத்தது தாசுவுக்கு. அதைக் காப்பாற்றி இனி யாருக்கு என்ன லாபம் என்று தோன்றியது. டியூப்லைட், விளக்குத் திரி, மடியில் திறந்திருந்த தப்புப் பக்கம், எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கண்ணு சரியில்லன்னு எனக்கு நெலத்துக்குப் போறதுக்கு முன்னாடியே தெரியும்ணா. சொன்னா கூட்டிட்டுப் போக மாட்டாரேன்னு சொல்லல. அவருக்கு அங்கயே தெரிஞ்சுடுச்சுன்னு எனக்குத் தெரியாது” என்றார்.

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னிடம் பேசவில்லை, எதிரே காலியாக இருந்த நாற்காலியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாங்க. வீட்டுலேருந்து கிணத்தடிக்கு ஒரு கயிறு கட்டி விடுங்க, பிடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்துடுறேன்னு சொல்லியிருப்பேன். கண்ணு போனா போவுது. நீங்கதான் கூட இருந்தீங்களே.”

இதை எழுதலாமா என்று பிறகு கேட்டேன். “எழுதுங்கண்ணா. நானும் அவரைத் தப்பாத்தான் நெனச்சேன். மத்தவங்களாவது திருத்திக்கட்டும்” என்றார். அதனால் எழுதிவிட்டேன்.

மலரில் எழுதுகிறவர்கள் இறந்தவரிடமிருந்து தாங்கள் எடுத்து வைத்துக்கொண்டதைச் சொல்லி முடிப்பது வழக்கம். அவனுடைய ஸ்பானர் பெட்டி என்னிடம் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் இருக்கிறது, மாதா மாதம் மருந்தை இனி நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆனால் அவனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதெல்லாம் இல்லை. தாசு தன் வாழ்நாளில் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அதற்கான பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஆள் இல்லை.